புதிய தேற்றம் இல்லாத கணிதக் கட்டுரையை எங்கே அனுப்புவது?

கிழக்கிலங்கையின் மருதமுனையில் உயர்தர வகுப்புகளுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தறியில் நெய்யப்படும் துணி எப்போது ஒரே துணியாக நிற்கும், எப்போது இரண்டு அடுக்காகக் கழன்றுவிடும் என்பதை 0, 1 ஆகிய இலக்கங்களை நிரையும் நிரலுமாக அடுக்கிய தாயங்களைக் கொண்டு விளக்கி, ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். ஆய்வுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பியபோது "புதிய முடிவு எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்துவிட்டது. இத்தகைய எழுத்துக்கு இடம் உண்டா, வெளியிடுவதற்குப் பணம் கட்ட வேண்டுமா, தமிழில் எழுதினால் யார் போடுவார்கள் என்பவை அவருடைய கேள்விகள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாக இவ்வகைக் கட்டுரைகளை எழுதியும், திருப்பி வாங்கியும், சில வேளைகளில் பிறருடைய கட்டுரைகளை மதிப்பிட்டும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஒற்றை வரி உங்கள் கட்டுரையைப் பற்றிய தீர்ப்பு அன்று. நீங்கள் தட்டிய கதவு வேறு என்பதே அதன் பொருள். ஆய்வுச் சஞ்சிகைகள் இதுவரை எவரும் நிறுவாததை நிறுவியிருக்கிறீர்களா என்று பார்க்கின்றன. விளக்கக் கட்டுரைகளுக்கான சஞ்சிகைகளோ, நிறுவப்பட்ட ஒன்றை இதுவரை எவரும் காட்டாத தெளிவோடு காட்டியிருக்கிறீர்களா என்று பார்க்கின்றன. இந்த இரண்டாவது மரபு நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் 'அமெரிக்கன் மத்தமற்றிக்கல் மன்த்லி', இங்கிலாந்தின் 'மத்தமற்றிக்கல் கசெற்', ஹங்கேரியில் பாடசாலை மாணவர்களுக்கென வந்த 'கோமல்' ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில், 1894 இல், தொடங்கப்பட்டவை. மூன்றும் கற்பிப்போரையும் கற்போரையும் மனத்திற் கொண்டு பிறந்தவை. மூன்றும் இன்றும் வருகின்றன. விளக்க எழுத்துக்கென்றே அமெரிக்கக் கணிதச் சங்கம் (Mathematical Association of America) வழங்கும் ஷோவனே பரிசு 1925 இலிருந்து இருக்கிறது. எனவே, புதிய தேற்றம் இல்லை என்பதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

உங்கள் கட்டுரைக்கு வருவோம். அந்தச் சங்கம் வெளியிடும் சஞ்சிகைகளுள் மூன்று உங்களுக்குப் பொருந்தக்கூடியவை. 'மன்த்லி' ஆண்டுக்குப் பத்து இதழ்கள் வருவது. அதன் வாசகர்களிற் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பட்டப்பின்படிப்பு மாணவர்களும் ஆவர். போட்டியும் அங்கேதான் கடுமை. 'மத்தமற்றிக்ஸ் மகசின்' ஆண்டுக்கு ஐந்து இதழ்கள். இளமாணி மாணவர் ஒருவர் கடதாசியும் பென்சிலுமாக உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய மட்டத்தில் எழுதப்படுவது. 'கொலேஜ் மத்தமற்றிக்ஸ் ஜேர்னல்' அதனினும் ஒரு படி இறங்கி, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைச் சுற்றி நிற்பது. வகுப்பறையில் அப்படியே எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஒன்றிரண்டு பக்கத் துணுக்குகளுக்கும் அதில் இடம் உண்டு. தாயங்களையும் தொடைகளையும் (கணங்களையும்) தவிர வேறு முன்னறிவு எதையும் கேட்காத உங்கள் கட்டுரைக்கு என் தெரிவு 'மத்தமற்றிக்ஸ் மகசின்'தான்.

ஆனால், அதே சஞ்சிகையில் 1980 ஆம் ஆண்டு பிராங்கோ குரூன்பாம், ஜெப்ரி ஷெப்பேட் என்னும் இருவர் துணிகளின் வடிவகணிதத்தை அறிமுகப்படுத்தி விரிவான கட்டுரை ஒன்றை எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் கிளாப்பம் என்பவர், துணி ஒன்று கழன்றுவிடுமா என்பதை நிரல்களிலும் நிரைகளிலும் உள்ள கூட்டுத்தொகைகளைக் கொண்டே கண்டறியும் நிபந்தனை ஒன்றை லண்டன் கணிதச் சங்கத்தின் 'புலற்றின்' சஞ்சிகையில் வெளியிட்டார். இவ்விரண்டையும் நீங்கள் பார்த்ததாகக் கட்டுரையில் அடையாளம் இல்லை. மதிப்பீட்டாளர் முதலில் இதைத்தான் பிடிப்பார். இந்தச் செய்தி உங்களைத் தளரச் செய்ய வேண்டாம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த கட்டுரையை இன்றைய மாணவர் படித்திருக்கப் போவதில்லை, அந்தக் கட்டுரையாளர்கள் தறியின் முன் உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்தும் எழுதவில்லை. அவர்கள் சொன்னது எது, உங்கள் பங்கு எது என்று முதற் பக்கத்திலேயே இரண்டு வாக்கியங்களில் பிரித்துச் சொல்லிவிட்டால், குறையாகத் தோன்றியதே கட்டுரையின் முதுகெலும்பாகிவிடும்.

இதை நான் சுகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், 2 இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கு நானே கண்டுபிடித்ததாக நம்பிய நிறுவல் ஒன்றை நல்ல சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். ஐந்து மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. மதிப்பீட்டாளர் மிகுந்த மரியாதையோடு, அதே நிறுவல் அதே சஞ்சிகையிலேயே நான் பிறப்பதற்கு முன் வெளிவந்த தொகுதியின் எண்ணையும் பக்கத்தையும் குறித்து அனுப்பியிருந்தார். அன்றைக்கு இங்கிருந்து பழைய தொகுதிகளைப் புரட்டிப் பார்க்க வழியில்லை என்று சாக்குச் சொல்லலாம். இன்று அந்தச் சாக்கும் இல்லை. கணித நூல்களையும் கட்டுரைகளையும் பற்றிய 'செட்பிமத்' என்னும் தரவுத்தளம் 2021 முதல் எவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. பொருளின் பெயரை மூன்று நான்கு விதமாக இட்டுத் தேடுங்கள். கிடைத்த கட்டுரையின் மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள். ஒரு சனி, ஞாயிறு போதும்.

இனி, கட்டுரையின் தொடக்கம். நீங்கள் முதல் நான்கு பக்கங்களில் வரைவிலக்கணங்களை அடுக்கியிருக்கிறீர்கள். சுவையான இடம் ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறது. விளக்கக் கட்டுரைக்கு அந்த வரிசை ஆகாது. என் கையில் அந்தக் கட்டுரை இருந்தால் இப்படித் தொடங்குவேன். நீளவாக்கில் நான்கு பாவு நூல்கள், குறுக்கே நான்கு ஊடை நூல்கள். ஊடை ஒவ்வொன்றும் ஒரு நிரை, பாவு ஒவ்வொன்றும் ஒரு நிரல். இரண்டும் சந்திக்குமிடத்தில் பாவு மேலே இருந்தால் 1, ஊடை மேலே இருந்தால் 0. இப்போது வாசகரின் முன் இதை வைக்கிறேன்:

1 0 0 0
1 1 1 0
0 0 1 0
1 0 1 1

இந்த நான்குக்கு நான்கு கட்டமே திரும்பத் திரும்ப வந்து துணி முழுவதையும் நிரப்புகிறது என்று கொள்ளுங்கள். எந்த நிரையை எடுத்தாலும் 0 உம் உண்டு, 1 உம் உண்டு, நிரல்களும் அப்படியே. அதாவது, எந்த நூலும் சும்மா மேலே கிடக்கவில்லை, எந்த நூலும் சும்மா அடியில் கிடக்கவில்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஏறி எங்கோ இறங்குகிறது. பார்ப்பவர் எவரும் இது உறுதியான துணி என்றுதான் சொல்வார். இனி 1 ஆம், 3 ஆம் ஊடைகளையும் 1 ஆம், 3 ஆம் பாவுகளையும் மட்டும் விரலாற் பற்றித் தூக்குங்கள். அந்தப் பாவுகள் 2 ஆம், 4 ஆம் ஊடைகளைச் சந்திக்கும் இடமெல்லாம் 1. அந்த ஊடைகள் 2 ஆம், 4 ஆம் பாவுகளைச் சந்திக்கும் இடமெல்லாம் 0. எனவே, தூக்கிய நான்கு வகை நூல்களும் மற்றவற்றுக்கு எல்லா இடத்திலும் மேலேயே இருக்கின்றன. ஒரு துணி என்று நினைத்தது சாதா நெசவிலான இரண்டு துணிகளாகக் கையோடு பிரிந்து வந்துவிடும். ஒவ்வொரு நூலும் ஏறியிறங்குவது போதாது என்பதை ஒரு பதினாறு இலக்கக் கட்டம் காட்டிவிட்டது. வாசகர் இப்போது தாமாகவே கேட்பார்: அப்படியானால் எது போதும்? அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்த பிறகு வரைவிலக்கணங்களைக் கொடுங்கள். மருந்து போல் இறங்கும். உங்கள் ஊரின் நெசவாளர்களுக்கு இது இரட்டைத் துணி நெய்யும் உத்தி. அவர்களிடம் ஒரு சாண் மாதிரி நெய்து வாங்கி, பாதி பிரித்த நிலையில் படம் எடுத்துப் போட்டால் அதற்கு ஈடான படம் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

பன்னிரண்டு பக்கத்தையும் ஒன்றாக அனுப்பத் துணிவில்லையென்றால், இந்தக் கட்டத்தை மட்டும் மையமாக வைத்து மூன்று பக்கக் குறிப்பாக வெட்டி எடுக்கலாம். அதற்கு உகந்த இடம் 'மத்தமற்றிக்கல் கசெற்'. ஆண்டுக்கு மூன்று இதழ்கள். அதன் 'குறிப்புகள்' பகுதியில் தொகுதி எண்ணோடு தொடரெண்ணும் இட்டு வரிசையாகச் சிறு குறிப்புகள் வெளிவரும். பாடசாலை ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் அதில் நிறையவே எழுதுகிறார்கள். எழுதுபவர் எந்தப் பல்கலைக்கழகத்தவர் என்று அங்கு எவரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. முதன்முதலாக அச்சில் வர விரும்புகிற பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு உலகில் இதைவிட நல்ல திண்ணை இல்லை என்பது என் எண்ணம்.

குறிப்பு எழுதுவதற்கும் முந்திய படி ஒன்று உண்டு: வினா விடைப் பகுதிகள். 'மன்த்லி', 'மகசின்', 'கசெற்' முதலிய எல்லாவற்றிலும் வாசகர்கள் அனுப்பும் வினாக்களும், முந்திய வினாக்களுக்கான தீர்வுகளும் வரும். கனடாக் கணிதச் சங்கத்தின் 'குருக்ஸ் மத்தமற்றிக்கோறம்' பெரும்பாலும் இதற்காகவே 1975 இலிருந்து நடப்பது; 2019 முதல் இணையத்தில் இலவசம். இராமானுஜன் அச்சுக்கு வந்த வழியும் இதுதான். 1907 இல் வி. இராமசுவாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில், 1911 இல் இராமானுஜன் வினாக்களைத்தான் முதலில் அனுப்பினார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் கோவை ஒன்றின் பெறுமானம் என்ன என்பது அவற்றுள் ஒன்று. விடை வெறும் 3. வாசகர்களிடமிருந்து தீர்வு வராமற் போகவே, அவரே அதை எழுதிக் கொடுத்தார். ஒரு சஞ்சிகையின் நடை, நீளம், கண்டிப்பு ஆகியவற்றைப் பழக இரண்டு மூன்று தீர்வுகளை அனுப்பிப் பார்ப்பதைவிட மலிவான பயிற்சி எனக்குத் தெரியாது.

அயலில் இருப்பவற்றையும் மறக்கக் கூடாது. பெங்களூரிலிருந்து இந்திய அறிவியல் அகாதமி (Indian Academy of Sciences) 1996 ஜனவரி முதல் மாதந்தோறும் வெளியிடும் 'ரெசனன்ஸ்' எல்லா விஞ்ஞானப் பாடங்களுக்கும் பொதுவானது. கணிதத்துக்கு அதில் நல்ல இடம் உண்டு, 'வகுப்பறை' என்றொரு பகுதியும் உண்டு, பழைய இதழ்கள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. கொழும்பிலோ வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கும் மாணவர்கள் உண்மையிலேயே திறந்து பார்க்கும் சஞ்சிகை அது என்பதால், நம்மவர்கள் படிக்க வேண்டும் என்று விரும்பினால் நான் அதற்கே முதலிடம் தருவேன். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' 2012 இல் தொடங்கியது. பாடசாலைக் கணித ஆசிரியர்களுக்கென்றே நடத்தப்படுகிறது. மாணவரே எழுதினால் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 1964 முதல் நடத்தும் 'பரபோலா' இருக்கிறது. மருதமுனைத் தறிகளின் கதையையும், அவற்றைப் பார்த்து நீங்கள் கணிதத்துக்கு வந்த கதையையும் கலந்து எழுத நினைத்தால் 'மத்தமற்றிக்கல் இன்டெலிஜென்சர்' பொருத்தமானது. கணிதத்தின் பண்பாடு, வரலாறு, ஊர்கள், மனிதர்கள் என்று எழுதுவதற்கு அங்கே இடம் தாராளம். இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதுங்கள். ஒரே சரக்கை ஒரே நேரத்தில் இரண்டு சஞ்சிகைகளுக்கு அனுப்புவது எங்கும் குற்றம்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் சஞ்சிகைகளில் வழக்கமான வழியில் வெளியிடுவதற்கு எழுதியவர் எதுவும் கட்டத் தேவையில்லை. கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட வேண்டும் என்று நீங்களே தெரிவு செய்தால் மட்டும் கட்டணம் கேட்பார்கள்; அது தொலர் கணக்கில் வரும், நம் சம்பளத்துக்கு எட்டாது, அந்தக் கட்டத்தில் அடையாளமிடாமல் விட்டால் போதும். இவை ஒருபுறமிருக்க, "மாண்புமிகு பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கி, ஏழு நாட்களில் மதிப்பிட்டு வெளியிடுவதாக உறுதி கூறும் மின்னஞ்சல்கள் உங்களுக்கும் வரும். என்னோடு பணியாற்றிய ஒருவர் அப்படி ஒன்றை நம்பி இரண்டு மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையை அனுப்பினார். கட்டுரை வந்தது, ஒரு எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படாமல் வந்தது. அடுத்த ஆண்டு அந்தத் தளமே காணாமற் போனது. பதவியுயர்வுக் கோவையில் வைக்க அவரிடம் மிஞ்சியது பற்றுச்சீட்டு மட்டுமே. ஐயமான சஞ்சிகையில் கடைசியாக வந்த கட்டுரைகளில் மூன்றை எடுத்து, அவற்றிலுள்ள ஒரு நிறுவலையாவது வரி வரியாகச் சரிபாருங்கள். மதிப்பீட்டாளர் இருந்தாரா இல்லையா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

'ஆர்க்சிவ்' தளத்தில் ஏற்றலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1991 முதல் இயங்கும் அந்தக் களஞ்சியத்தில் கணிதத்தின் கீழ் 'வரலாறும் பொதுநோக்கும்' என்றொரு பிரிவு இருக்கிறது. விளக்கக் கட்டுரைகள் அங்கே போகும். கட்டணம் இல்லை. புதியவர்களுக்கு ஏற்கெனவே அங்கு எழுதும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படும். பல்கலைக்கழகக் கணிதத் துறைகளில் அத்தகையோர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் அது களஞ்சியமே தவிர மதிப்பீடு செய்யும் சஞ்சிகை அன்று. மேலும், அமெரிக்கச் சங்கத்தின் சஞ்சிகைகள் எழுதியவர் பெயரை மதிப்பீட்டாளர் அறியாத முறையில் மதிப்பிடுகின்றன. அனுப்பும் பிரதியில் பெயர், பாடசாலை, நன்றியுரை ஆகிய அனைத்தையும் நீக்க வேண்டும். கட்டுரையை முன்கூட்டியே பெயரோடு ஏற்றிவிட்டால் அந்த மறைப்பில் பாதி போய்விடுகிறது. முதற் கட்டுரைக்குப் பொறுத்திருங்கள் என்பேன்.

அச்சமைப்புக்கு, கணிதக் குறியீடுகளை அச்சுக்கு ஏற்றபடி அமைக்கும் லேடெக் மென்பொருளைப் பழகியே ஆக வேண்டும். இணையத்திலேயே இலவசமாகத் தட்டெழுதும் வசதி இருப்பதால் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. மதிப்பீடு மாதக் கணக்கில் இழுக்கும்; ஆறு மாதம் கழிந்த பின் பணிவாக ஒரு மடல் எழுதிக் கேட்பது தவறில்லை. திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல சகுனம். மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, ஏற்றதை எங்கே திருத்தினீர்கள், ஏற்காததை ஏன் விட்டீர்கள் என்று தனித் தாளில் எழுதி இணையுங்கள்.

தமிழ்ப் பக்கம் நிலைமை மெலிந்ததுதான். தேசிய விஞ்ஞான மன்றம் வெளியிடும் 'விதுரவ' மும்மொழிகளிலும் வருவது; தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' சிறுவர்களுக்கானது. இரண்டும் பொது விஞ்ஞானச் சஞ்சிகைகள் என்பதால், உங்கள் கட்டத்தையும் துணி பிரியும் படத்தையும் வைத்து ஆயிரம் சொற்களுக்குள் எழுதினால் இடம் கிடைக்கக்கூடும். நிறுவலுக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலக் கட்டுரை வெளியான பின் அதை மொழிபெயர்க்காதீர்கள், தமிழில் புதிதாகவே எழுதுங்கள். வெளியான வாசகத்தின் உரிமை பதிப்பகத்திடம் போய்விடும் என்பது ஒரு காரணம், மொழிபெயர்ப்பை எவரும் படிக்கமாட்டார்கள் என்பது மற்றையது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இலங்கையில் நாம் தாயம் என்பதைத் தமிழ்நாட்டில் அணி என்கிறார்கள். தாயம் என்றால் அங்கே சோழி உருட்டும் விளையாட்டு, அணி என்றால் இங்கே கிரிக்கெட் அணி. நம் தொடை அங்கே கணம், நம் முதன்மை எண் அங்கே பகா எண், நம் நாற்பக்கல் அங்கே நாற்கரம். இரு கரைக்கும் எழுதுவதானால் முதல் முறை வரும்போது இரண்டு சொல்லையும் சேர்த்தே எழுதிவிட்டு, பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்சிக்கலைச் சாக்காக்கிப் பலர் தமிழில் எழுதாமலே விட்டுவிட்டார்கள். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழர் யாழின் நரம்புகளுக்கிடையிலான எண் விகிதங்களைக் கணக்கிட்டு, 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்' முழுவதையும் தமிழிலேயே எழுதினார். உங்கள் பாடசாலையிலிருந்து அவர் ஊர் எத்தனை மைல் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் இப்போதே திருத்திவிடுங்கள். கட்டுரையின் இரண்டாம் பக்கப் படத்தில் பாவையும் ஊடையையும் மாற்றிக் குறித்திருக்கிறீர்கள். அதனால் மூன்றாம் பக்கத் தாயத்தில் 0 நிற்க வேண்டிய இடமெல்லாம் 1 நிற்கிறது. நிறுவலில் பிழை இல்லை, ஆனால் தறி தெரிந்த எவரும் அந்தப் பக்கத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார்.